ஐந்திலிருந்து இரண்டுக்கு

பட்டறையில் அவருக்கு இரண்டு பெயர். முகத்துக்கு நேரே ‘அண்ணே’, முதுகுக்குப் பின்னால் ‘சீச்சீ’. இரண்டாவதுதான் காரணப்பெயர். காலையில் ஷட்டரைத் தூக்கும்போது கைப்பிடி பிசுபிசுத்தால் ஒரு சீ. வாடிக்கையாளர் குடித்துவிட்டு இருக்கைக்கு அடியில் தள்ளிய காகிதக் கோப்பையில் எறும்பு மொய்த்தால் இரண்டு சீ. கழிப்பறைக் கதவைத் தோளால் திறந்து முழங்கையால் சாத்துகிற மனுஷர். கல்யாணப் பேச்சு மூன்று தடவை வந்து மூன்று தடவையும் கலைந்தது. ஒரு வீட்டில் கொடுத்த தண்ணீர்த் தம்ளரில் விரல் ரேகை தெரிந்ததாம்; தம்ளரை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டார். ஐம்பத்திரண்டு வயதிலும் தங்கை வீட்டு மாடியறையில் ஒற்றைக் கட்டிலோடு கிடக்கிறார் என்றால், அதில் அந்த விரல் ரேகைக்கும் பங்குண்டு.

எண்ணெயில் ஊறுகிற தொழிலில் இப்படி ஒரு ஆள் எப்படிப் பிழைத்தார் என்று கேட்கலாம். எஞ்சின் அழுக்கு அவருக்கு அழுக்கே இல்லை. கறுத்துப்போன எண்ணெயை விரலில் தொட்டு மூக்கருகே கொண்டுபோய் நிதானமாக முகர்வார். எண்ணெய் பொய் சொல்லாது என்பது அவர் கட்சி. மனுஷர் விட்டுப்போகிற அழுக்குதான் அவருக்கு ஆகாது. மனுஷர் சொல்லுகிற பொய் அதைவிட ஆகாது.

கார் விற்கிற கம்பெனியே நடத்துகிற அந்தப் பட்டறைக்கு வருவதெல்லாம் வேகத்துக்கென்றே செய்த கார்கள், கையால் கியர் மாற்றுகிறவை. எஞ்சின் நிமிடத்துக்கு ஏழாயிரத்து எண்ணூறு சுற்று வரை தாங்கும். ஆக்சிலரேட்டரைத் தரையோடு மிதித்தாலும் அதற்கு மேல் போகாது. உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர் பெட்ரோலை நிறுத்திவிடும். ஆனால் கியரைக் கீழே இறக்கும்போது கை தவறினால் அந்தக் காவல் செல்லாது. ஐந்திலிருந்து நான்குக்கு வரவேண்டிய கை இரண்டில் போட்டுவிட்டு, கிளட்சையும் விட்டுவிட்டால், ஓடுகிற சக்கரங்கள் எஞ்சினைத் தலைமுடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடும். அதற்குப் பெட்ரோல் எதற்கு? ஒன்பதாயிரம், பத்தாயிரம் என்று எஞ்சின் அலறும். வால்வுகளுக்கு மூடிக்கொள்ள நேரம் போதாது. பிஸ்டன் மேலே வந்து அவற்றை முட்டும். அரை நொடிதான். சில எஞ்சின்கள் அங்கேயே சாகும். சில, வால்வு லேசாக வளைந்து, நாலைந்து நாள் நல்ல பிள்ளையாக ஓடிவிட்டுச் சாகும்.

அந்த அரை நொடியைக் கம்ப்யூட்டர் மறப்பதில்லை. எத்தனை சுற்று, எவ்வளவு நேரம், எஞ்சின் பிறந்ததிலிருந்து ஓடிய எத்தனையாவது மணியில் நடந்தது என்று குறித்து வைத்திருக்கும். லேப்டாப்பைச் செருகி அதைப் படிப்பது, தலைமை மெக்கானிக் என்ற முறையில், சீச்சீயின் வேலை. அவர் படித்துக்கொண்டிருக்கும்போதே காரின் சொந்தக்காரர் எதிரே நின்று முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டிருப்பார். கார் ஷெட்டிலேயே நின்றது என்பார் ஒருவர். மனைவிதான் ஓட்டினாள் என்பார் இன்னொருவர்; வண்டியே ஓட்டத் தெரியாத அந்த அம்மாள் பக்கத்தில் நின்று தரையைப் பார்ப்பாள். நாய் பாய்ந்து கியரைத் தட்டிவிட்டது என்று ஒரு மகானுபாவர் சொன்னார். சீச்சீ கம்ப்யூட்டர் சொன்னதைத் தாளில் எடுத்துத் தன் லாக்கர் கதவின் உட்புறம் ஒட்டுவார். அதன் கீழே சிவப்பு மையில், அந்த ஆள் சொன்ன பொய்யை அப்படியே எழுதுவார். ஆள் பெயர் எழுதமாட்டார். பொய்யே ஆளைக் காட்டிக்கொடுக்கும் என்பார். இருபது வருஷத்தில் பதினெட்டுத் தாள் சேர்ந்திருந்தது. கதவைத் திறக்கும்போதெல்லாம் ஒருமுறை வாசித்து, ஒரு சீ சொல்லிவிட்டு, பிறகுதான் துண்டை எடுப்பார்.

இத்தனை வெறுப்பு இருந்தும், புதுக்கார் எடுக்க வருகிற ஒருவரையும் அவர் சும்மா விட்டதில்லை. எஞ்சினைப் போடாமல் பத்து நிமிஷம் உட்காரவைத்துக் கியரைப் போட்டுக்காட்டச் சொல்வார். கையை மூடக்கூடாது, மூடின கை முட்டாள் கை என்பார். ஐந்தில் இருக்கும்போது உள்ளங்கையைக் கியர்க் குமிழ் மேல் வைத்து நேராகப் பின்னால் இழுத்தால் போதும், ஸ்பிரிங் தானாகவே மூன்றும் நான்கும் உள்ள நடு வரிசைக்குக் கொண்டுவந்து நான்கில் விட்டுவிடும். இறுக்கிப் பிடித்துப் பக்கவாட்டில் தள்ளுகிறவன்தான் நடு வரிசையைத் தாண்டிப்போய் இரண்டில் விழுவான். அப்படியே விழுந்தாலும் கிளட்சை மெதுவாக விட்டால் எஞ்சின் கத்த ஆரம்பிக்கும்போதே திரும்ப மிதித்துத் தப்பிக்கலாம். இதைக் கேட்டுக் கொட்டாவி விட்டவர்கள்தான் பின்னால் லாக்கர் கதவில் வந்து உட்கார்ந்தார்கள்.

கொட்டாவி விடாமல் கேட்டவர் பல் டாக்டர் ஒருவர்தான். ஐம்பதைத் தாண்டியவர், பஞ்சு போன்ற கை, மெல்லிய குரல். ஆனால் சீச்சீக்கு அவரைக் கண்டாலே ஆகாது. நாள் முழுக்க அடுத்தவர் வாயில் விரல் விடுகிற ஆள் என்பது முதல் காரணம். கைக்கு ஓயாமல் ஏதோ வாசனைக் களிம்பு பூசுவார் என்பது இரண்டாவது. அவர் கார் வரும்போதெல்லாம் ஸ்டியரிங்கும் கியர்க் குமிழும் வழவழவென்று, ரோஜாவும் மருந்தும் கலந்து நாறிக்கொண்டு வரும்.

ஒருநாள் அந்தக் கார் கியர் இறுகிப்போய் வந்தது. கியர் கேபிளை மாற்றியவர் மாப்பிள்ளை. அதாவது சீச்சீயின் தங்கை கணவர். ஆறு வருஷத்துக்கு முன் சீச்சீயே சொல்லிச் சேர்த்துவிட்ட ஆள். அதிகம் பேசாதவர், வேலையில் மெத்தனம் கிடையாது. ஆனால் ஆறு மாதத்துக்கு முன் ஒரு காரில் ஒரே ஒரு திருகை முடுக்க மறந்து, இனி ஒரு தவறு நடந்தால் வீட்டுக்குப் போகவேண்டியதுதான் என்று எழுத்திலேயே எச்சரிக்கை வாங்கியிருந்தார். அதிலிருந்து ஒவ்வொரு திருகையும் மூன்று தடவை தொட்டுப் பார்க்கிறார். அந்தக் கேபிளையும் அப்படித்தான் மாட்டினார்.

ஓட்டிப் பார்க்கிற வேலை எப்போதும் சீச்சீயுடையது. ஏறி உட்கார்ந்தார். உள்ளே ரோஜா வாடை. கியர்க் குமிழைத் தொட்டதும் விரல் வழுக்கியது. உடம்பெல்லாம் கூசிப்போய், இடுப்பில் செருகியிருந்த துணியை உருவிக் குமிழைச் சுற்றி மூடி, அதன்மேல் கையை வைத்தார். துணி நழுவாமலிருக்கக் கையை மூடவேண்டியிருந்தது. மூடினார். இருபது வருஷமாக ஊருக்கெல்லாம் வேண்டாம் என்று சொன்னதை, தன் கைக்கு அசிங்கம் ஒட்டக்கூடாதே என்று தானே செய்தார்.

நகரத்துக்கு வெளியே, சரிவான சாலை. ஐந்தாம் கியர், நல்ல வேகம். முன்னால் ஒரு லாரி திரும்பியது. பிரேக்கை மிதித்து, ஐந்திலிருந்து நான்குக்கு இழுத்தார். துணிக்குள் இருந்த கைக்கு வரிசை தெரியவில்லை. கிளட்ச் பாதி ஏறும்போதே எஞ்சின் ஒரு சத்தம் போட்டது. தொண்டையைப் பிடித்த மாதிரி. கால் உடனே திரும்ப மிதித்துவிட்டது. லாரி போய்விட்டது. கார் ஓரமாக நின்று ஒழுங்காக உறுமிக்கொண்டிருந்தது. கீழே இறங்கி, பானெட்டைத் திறந்து, காது வைத்துக் கேட்டார். ஒன்றுமில்லை என்று தனக்கே சொல்லிக்கொண்டார். சொன்னது இரண்டு தடவை. பட்டறைக்குத் திரும்பியதும் லேப்டாப்பைச் செருகிப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. ஜாப் கார்டில் ‘ஓட்டிப் பார்த்தேன், சரியாக இருக்கிறது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, துணியைக் குப்பையில் எறிந்துவிட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவினார்.

ஐந்தாம் நாள், திங்கட்கிழமை காலை, அந்தக் காரைக் கட்டி இழுத்து வந்தார்கள். வால்வின் தலை முறிந்து உள்ளே விழுந்து பிஸ்டனைக் குதறியிருந்தது. பல் டாக்டர் பின்னாலேயே ஆட்டோவில் வந்து இறங்கினார். சிக்னலில் நின்று கிளம்பும்போது நின்றுவிட்டது, தான் ஒன்றுமே பண்ணவில்லை என்று மெல்லிய குரலில் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். ஒன்றுமே பண்ணவில்லை என்பது லாக்கர் கதவில் ஏற்கெனவே நாலு தாளில் இருக்கிறது.

மேனேஜர் அம்மாள் வந்து விசாரித்தார். அவருக்கு உலகத்தில் எதுவும் இரண்டில் ஒன்றுதான். கேபிள் தவறாக மாட்டியதால் கியர் தப்பி விழுந்ததா, ஓட்டினவர் கை தவறியதா? கேபிள் என்றால் மாப்பிள்ளைக்கு இதுதான் கடைசி நாள். கை என்றால் புது எஞ்சின் செலவு டாக்டர் தலையில். புதன்கிழமைக்குள் எழுதிக்கொடுங்கள் என்று சீச்சீயிடம் சொல்லிவிட்டுப் போனார். மூன்றாவதாக ஒரு கை இருக்கலாம் என்று அந்தப் பட்டறையில் ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றாதபடி இருபது வருஷம் நடந்துகொண்டவர் அவர்தானே.

எல்லோரும் கலைந்து போனபிறகு லேப்டாப்பைச் செருகி, அது சொன்னதை இரண்டு பக்கத்தில் தாளில் எடுத்தார். ஒன்பதாயிரத்து முந்நூற்று நாற்பது சுற்று. அரை நொடிக்குக் கொஞ்சம் கூட. எஞ்சின் ஓடிய மணி, நானூற்றுப் பன்னிரண்டு புள்ளி ஆறு. ஜாப் கார்டை எடுத்துப் பார்த்தார். கார் பட்டறைக்குள் வந்தபோது நானூற்றுப் பன்னிரண்டு புள்ளி மூன்று. டாக்டர் எடுத்துப்போனபோது புள்ளி ஒன்பது. இடையில் ஓட்டியவர் ஒருவர்தான். அவர் கையெழுத்து அழகாக, சாய்வாக, கீழே இருந்தது.

மணி இருக்கும் பக்கத்தை மட்டும் மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். சுற்று இருக்கும் பக்கம் மேசை மேல் இருந்தது. அதுமட்டும் போதும், டாக்டர் மேல் எழுதிவிடலாம். யாரும் சந்தேகப்படமாட்டார்கள். மாப்பிள்ளை தப்பிப்பார், தங்கை வீட்டில் அடுப்பு அணையாது, தானும் தப்பிக்கலாம். கெட்டுப்போவது, கையில் களிம்பு பூசுகிற ஒரு ஆள். அவ்வளவு சுலபமாக அந்தக் கணக்கு வந்து விழுந்ததில் அவருக்கே உடம்பு கூசியது. ஆனாலும் தாளைப் பையிலிருந்து எடுக்கவில்லை.

மதியம் தங்கை கட்டிக்கொடுத்த இரண்டு டப்பாவையும் எடுத்துக்கொண்டு வழக்கம்போல டயர் அறைக்குப் போய் இருவரும் உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளை மூடியைத் திறக்கவே இல்லை. கேபிளை மூன்று தடவை பார்த்தேன், நான்காவது தடவையும் பார்த்திருக்கவேண்டுமோ என்று தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். இரவெல்லாம் மனதில் ஒவ்வொரு கிளிப்பாகத் திரும்ப மாட்டிப் பார்ப்பதாகவும், ஒன்று மட்டும் மாட்டியது ஞாபகத்துக்கு வரவில்லை என்றும் அடுத்தநாள் அதே டயர் அறையில் சொன்னார். செய்யாத தப்பை மனுஷர் தானே செய்து முடித்துக்கொண்டிருந்தார்.

“கவலப்படாதீங்க மாப்ள. நான் பாத்துக்கறேன்” என்றார் சீச்சீ.

மாப்பிள்ளைக்குக் கண் கலங்கிவிட்டது. தன் டப்பாவிலிருந்த முட்டையை எடுத்து மச்சானின் டப்பாவில் வைத்தார், கையாலேயே. வேறு யாராவது அப்படித் தொட்டு வைத்திருந்தால் டப்பாவே குப்பைக்குப் போயிருக்கும். சீச்சீ அதைச் சாப்பிட்டார். தண்ணீர் குடித்து உள்ளே தள்ளினார். சட்டைப் பையில் தாள் மடிந்து கிடந்தது. வீட்டுக்குப் போனால் தங்கை, அண்ணன் இருக்கும்போது எனக்கென்ன பயம் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டிருக்கிறாள். மாடிக்குப் போய்க் கை கழுவினார். கழுவிவிட்டுத் திரும்பவும் கழுவினார்.

புதன்கிழமை காலை பல் டாக்டர் வந்தார். மேனேஜரிடம் போகவில்லை, நேராக இவரிடம் வந்தார். சண்டைக்கு வருவார் என்று எதிர்பார்த்து, சீச்சீ ஸ்பானரைத் துடைப்பதுபோல் தலையைக் குனிந்துகொண்டார். அந்த மனுஷர் பக்கத்தில் நின்றிருந்த இன்னொரு காரைக் காட்டி, உள்ளே உட்காரலாமா என்று கேட்டார். உட்கார்ந்தார். கியர்க் குமிழ் மேல் உள்ளங்கையை விரித்து வைத்தார். விரல் ஒன்றுகூடப் படவில்லை. ஐந்திலிருந்து நேராகப் பின்னால் இழுத்தார். கியர் தானாக நடுவுக்கு வந்து நான்கில் உட்கார்ந்தது. திரும்பவும் செய்தார்.

“நீங்க சொல்லிக்குடுத்த மாதிரிதான் சார் இந்த மூணு வருஷமும் போடறேன். கையவே மூடினதில்ல. களிம்பு பூசற கை, மூடினா வழுக்கும்னு எனக்கே தெரியும். இதுல எங்கயாவது தப்பு இருந்தா சொல்லுங்க, ஒத்துக்கறேன்.”

தப்பு இல்லை. இருபது வருஷத்தில் அவர் பார்த்த சுத்தமான கியர் மாற்றம் அதுதான். களிம்பு மணக்கிற கை. சீச்சீ அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் கையைப் பார்த்தார். நகக்கண்ணில்கூட அழுக்கு இல்லை.

“என் வண்டிய நீங்கதான ஓட்டிப் பாத்தீங்க? அப்ப எதாச்சும் சத்தம் கேட்டுச்சா சார்?”

சந்தேகப்பட்டுக் கேட்ட கேள்வி இல்லை அது. டாக்டரிடம் நோயாளி கேட்பதுபோலக் கேட்டார். இல்லை என்ற சொல் சீச்சீயின் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அதற்கு என்ன மையில் எழுதவேண்டும் என்பதும் கூடவே தெரிந்தது. வாங்க என்று சொல்லி டாக்டரை மேனேஜர் அறைக்கு அழைத்துப்போனார்.

மடித்திருந்த தாளைப் பிரித்து மேசையில் வைத்தார், ஜாப் கார்டைப் பக்கத்தில் வைத்தார். மூன்று எண்ணையும் விரலால் தொட்டுக் காட்டினார். மேனேஜர் அம்மாளுக்குப் புரியக் கொஞ்சம் நேரம் பிடித்தது. புரிந்ததும் டாக்டரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். பிறகு குரலைத் தாழ்த்தி, மணிக்கணக்கு சில சமயம் கம்ப்யூட்டரிலேயே தவறும் என்றார். தலைமை மெக்கானிக்கே இப்படிச் செய்தார் என்று வெளியே தெரிந்தால் பட்டறையின் பெயர் என்னாவது என்றார். கேபிள் என்றே எழுதிவிடலாம், அந்த ஆளுக்கு ஏற்கெனவே ஒரு எச்சரிக்கை இருக்கிறதே, பொருந்திவிடும் என்றார். இவ்வளவையும் முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல், காபி வேண்டுமா என்று கேட்கிற குரலில் சொன்னார்.

சீச்சீக்கு அந்த அம்மாளின் மேல் வந்த அருவருப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. இரண்டு நாளாகத் தன் பையில் இருந்ததைத்தானே அவர் வாய்விட்டுச் சொல்கிறார்.

“கேபிள் சரியாத்தான் இருந்துச்சு மேடம். டாக்டர் கையும் சரி. துணிய சுத்திக்கிட்டு நான்தான் ரெண்டுல போட்டேன். அப்பவே எனக்குத் தெரியும்.”

கதவைத் திறந்து, வெளியே உட்கார்ந்திருந்த டாக்டரிடமும் அதையே சொன்னார். டாக்டர் கத்தவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அன்றைக்கே சொல்லியிருந்தால் வால்வை மட்டும் மாற்றியிருக்கலாமே சார் என்று கேட்டார். ஆமாம் என்றார் சீச்சீ.

எஞ்சினைப் பட்டறையே மாற்றித் தரும் என்று முடிவாயிற்று. கார்களை ஓட்டிப் பார்க்கிற சாவிக்கொத்தை மேனேஜர் அம்மாள் அவரிடமிருந்து வாங்கிக்கொண்டார். தலைமை என்ற வார்த்தையும் அதோடு போயிற்று. மறுநாளிலிருந்து எண்ணெய் மாற்றுகிற பக்கம். அவருக்கு அதெல்லாம் உறைக்கவில்லை. மாப்பிள்ளை தப்பித்தார் என்ற ஒன்றைப் பிடித்துக்கொண்டு லாக்கர் அறைக்குப் போனார். கதவைத் திறந்து, பதினெட்டுக்குக் கீழே பத்தொன்பதாவது தாளை ஒட்டினார். சிவப்புப் பேனாவை எடுத்தார். தான் சொன்ன பொய் எது என்று யோசித்தார். ‘ஓட்டிப் பார்த்தேன், சரியாக இருக்கிறது’ என்பது ஒன்று. அதை எழுதப்போனவர் நிறுத்தினார். அதைவிட அசிங்கமானது இன்னொன்று இருந்தது. அதை எழுதினார்.

எழுதி முடித்தபோது பின்னால் மாப்பிள்ளை நின்றிருந்தார். விஷயம் அதற்குள் பட்டறை முழுக்கப் பரவியிருந்தது. கையில் இரண்டு டப்பா. சாப்பிடக் கூப்பிடத்தான் வந்திருந்தார், முகத்தில்கூடக் கோபம் இல்லை. தவறு யாருக்கும் நடப்பதுதான் என்று சொல்ல வந்தவர் மாதிரிதான் இருந்தது. அவர் கண் கதவுக்குப் போயிற்று. ஈரம் காயாத சிவப்பு எழுத்தை வாசித்தார். கவலப்படாதீங்க மாப்ள, நான் பாத்துக்கறேன்.

“அப்ப தெரியுமா உங்களுக்கு?” என்று கேட்டார்.

“தெரியும்.”

“முட்டை எடுத்து வச்சேனே. அப்பவும்?”

சீச்சீ தலையை மட்டும் ஆட்டினார். மாப்பிள்ளை ஒரு டப்பாவை மச்சானுக்கு நீட்டினார். இவர் கை நீண்டதும் தன் விரல் அதில் பட்டுவிடாதபடி டப்பாவைப் பெஞ்சின் மேல் வைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். ஆறு வருஷத்தில் அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை யாரும் கேட்டதில்லை. சத்தம்கூட அதிகம் இல்லை.

“சீ” என்றார். டயர் அறைக்குத் தனியாக நடந்து போனார்.